அல்ட்ரா ஓட கோச் எதுக்கு, ஷெட்யூல் இருந்தா பத்தாதா?

ஞாயித்துக்கிழமை லாங் ரன் முடிச்சுட்டு டீக்கடையில நின்னா இந்தப் பேச்சு வராம இருக்காது. யாராவது ஒருத்தர் 50 கி.மீ. அல்ட்ரா ரேஸுக்கு பேர் குடுத்திருப்பார், நெட்ல இருந்து 16 வாரத்து பிளான் ஒண்ணை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருப்பார். பக்கத்துல இருக்கிறவர் "கோச்லாம் எதுக்குங்க, கிலோமீட்டரை ஏத்திக்கிட்டே போனா தானா வந்துரும்"னு சொல்வார். இன்னொருத்தர் "இல்லங்க, கோச் இருந்தாத்தான் நம்மள விரட்டிக்கிட்டே இருப்பார், டைமிங் குறையும்"னு சொல்வார். கோச்சிங்னா உள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருக்குமே யாரும் சொல்லலை, எனக்கும் மூணு வருஷம் யாரும் சொல்லலை, அதுக்கு என் முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு விலை குடுத்துச்சு. அதனாலதான் புதுசா வர்றவங்களுக்காக இதை அடியில இருந்து எழுதறேன்.

அல்ட்ராவுல எது கஷ்டம்?

மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. அதுக்கு மேல எவ்வளவு போனாலும் அது அல்ட்ரா, அவ்வளவுதான் அர்த்தம். 50 கி.மீ.யும் அல்ட்ராதான், 100 மைலும் அல்ட்ராதான்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு ரேஸ் எடுத்துக்குவோம். தென்னாப்பிரிக்காவுல டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு ரெண்டு ஊருக்கு நடுவுல நடக்கிற காம்ரேட்ஸ். 1921ல ஆரம்பிச்சது, முதல் வருஷம் 34 பேர் கிளம்பி 16 பேர்தான் முடிச்சாங்க, இப்ப ஆயிரக்கணக்குல ஓடறாங்க, நம்ம ஊர்ல இருந்தும் நிறைய பேர் போறாங்க. ஒரு வருஷம் கடல்ல இருந்து மேல ஏறி ஓடுவாங்க, இன்னொரு வருஷம் மேல இருந்து கீழ இறங்கி ஓடுவாங்க, தூரம் சுமார் 86ல இருந்து 90 கி.மீ. வரைக்கும் வரும். 12 மணி நேரத்துல முடிக்கணும், அந்த 12 மணி நேரத்துக்குப் பேரு கட்-ஆஃப். 12 மணி நேரம் முடிஞ்சு துப்பாக்கி வெடிச்சப்ப கோட்டுக்கு ஒரு அடி பின்னால இருந்தாலும் முடிச்சதா கணக்கு இல்ல.

இப்ப 88 கி.மீ.ன்னே வச்சுக்குவோம், 12 மணி நேரத்தை வகுத்தா ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் 10 செகண்ட் சொச்சம் வரும். அந்த ரேஸுக்குள்ள நுழையறதுக்கே சமீப வருஷங்கள்ல ஒரு மாரத்தானை 4 மணி 50 நிமிஷத்துக்குள்ள ஓடிக் காட்டணும், அது கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 52 செகண்ட். அதாவது அங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் கட்-ஆஃபுக்குத் தேவையானதை விட வேகமா மாரத்தான் ஓடினவங்க. அப்படியும் வருஷா வருஷம் நிறைய பேர் முடிக்காம நிக்கறாங்க. அவங்களுக்கு வேகம் இருந்துச்சு. தொடை நின்னு போச்சு, வயிறு மறுத்துருச்சு, இல்லைன்னா ரேஸுக்கு முன்னாடியே எங்கயோ அடிபட்டு பாதி ரெடியாத்தான் போனாங்க.

இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க: சாதாரண ஓட்டக்காரருக்கு அல்ட்ராவுல வேகம் பிரச்சினை இல்ல, பத்து பன்னெண்டு மணி நேரம் உடம்பு கூட வரணும், அதான் பிரச்சினை. கோச்சிங்ல வர்ற எல்லாமே இதைச் சுத்தித்தான்.

சென்ட்ரிங்கை எப்ப பிரிப்பாங்க?

வீடு கட்டினவங்களுக்கு இது தெரியும். மாடி கான்கிரீட் போட்ட மறுநாளே யாரும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மாட்டாங்க. மேல சின்னச் சின்னதா பாத்தி கட்டி தண்ணி நிறுத்துவாங்க, நாள் கணக்கா அப்படியே விடுவாங்க. கம்பி, சிமெண்ட், ஜல்லி எல்லாம் முதல் நாளே போட்டாச்சு, ஆனா பலம் ஏறறது எல்லாரும் வீட்டுக்குப் போனதுக்கப்புறம், அந்தத் தண்ணி நிக்கிற நாட்கள்லதான். அவசரப்பட்டு முன்னாடியே பிரிச்சா என்ன ஆகும்னு கொத்தனாரைக் கேட்டா சொல்வார்.

உடம்பும் இதே மாதிரிதான். ஓட்டம் உடம்பை பலப்படுத்தாது, ஓட்டம் உடம்பைக் கொஞ்சம் சேதம்தான் பண்ணுது, தசையில நுணுக்கமா கிழியும், எலும்புல அழுத்தம் ஏறும், சேர்த்து வச்ச எரிபொருள் காலியாகும். அதுக்கப்புறம் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் உடம்பு அதைச் சரி பண்ணுது, அடுத்த தடவை இவ்வளவு சேதம் ஆகக்கூடாதுன்னு முன்ன இருந்ததை விட கொஞ்சம் கெட்டியா சரி பண்ணுது. இந்தக் கொஞ்சம் கெட்டியா ஆகறதுக்குத்தான் அடாப்டேஷன்னு பேரு. சேதம் பத்தலைன்னா கெட்டியாக காரணமே இல்ல, சேதம் அதிகமாயி ரிப்பேருக்கு நேரம் குடுக்கலைன்னா கெட்டியாக வழியே இல்ல.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, என்னோட மொத்தக் கதையும் அதுலதான் மாட்டுச்சு. உடம்புல எல்லா பாகமும் ஒரே வேகத்துல கெட்டியாகாது. ரத்தத்தோட அளவு ஓரிரு வாரத்துலயே கூடிரும், மூச்சு சில வாரத்துல பழகிரும், தசைக்கு ஒண்ணு ரெண்டு மாசம், ஆனா தசையை எலும்போட கட்டற நாண்களுக்கும் எலும்புக்கும் பல மாசம் ஆகும். அதனால ரெண்டாவது மாசத்துல மூச்சு "இன்னும் போலாம் இன்னும் போலாம்"னு சொல்லும், எலும்பு இன்னும் பாத்தி கட்டின தண்ணியிலயே நிக்கும்.

நானும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த பிளான்ல 9வது வாரம் 70 கி.மீ. போட்டிருந்துச்சு. முன்னங்கால் எலும்போட உள்பக்கம் ஒரு ரூபா காசு அளவு இடம், விரல் வச்சு அழுத்தினா சுரீர்னு இருக்கும், ஆனா ஓட ஆரம்பிச்சு 2 கி.மீ. போனா மறந்துரும். பிளான்ல 70னு இருக்கே, ஒரு நாள் விட்டா மொத்தமும் கெட்டுப்போயிருமோன்னு பயந்து ஓடினேன். 10வது வாரம் மாடிப்படி இறங்க முடியல. எலும்புல மயிரிழை விரிசல், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்னு சொன்னாங்க, ரெண்டு மாசம் ஓட்டமே கிடையாது. அந்த ஃப்ரிட்ஜ் பேப்பர்ல தப்பு ஒண்ணும் இல்ல, நல்ல பிளான்தான். அதுக்கு என் காலைப் பார்க்கக் கண்ணு இல்ல, அவ்வளவுதான்.

அப்ப கோச் தினமும் என்னதான் பண்றார்?

அளவு பார்க்கறார். மருந்துக்கு டோஸ் மாதிரி. உடம்பு மேல ஏத்தற மொத்த சுமைக்கு லோட்னு பேரு, அதை அளக்க ரொம்ப எளிமையான ஒரு வழி இருக்கு: எத்தனை நிமிஷம் ஓடினீங்க, அது 10க்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, ரெண்டையும் பெருக்கணும். 60 நிமிஷம் ஜாலியா, கஷ்டம் 3ன்னா லோட் 180. 40 நிமிஷம் மூச்சு வாங்க வாங்க, கஷ்டம் 8ன்னா 320. நேரம் கம்மி, ஆனா உடம்புக்கு ரெண்டாவதுதான் பெருசு. கிலோமீட்டரை மட்டும் எண்ணினா இது கண்ணுல படவே படாது.

கோச்கிட்ட இப்படி வாரா வாரம் நம்பர் சேரும்போது அவருக்கு ஒரு படம் கிடைக்குது. ரெண்டாவது தடவை கோச்சோட ஆரம்பிச்சப்ப நடந்ததைச் சொல்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில 8 கி.மீ. ஈஸியா ஓடிட்டு வந்து, வழக்கம்போல வாட்ஸப்ல "ஓகே சார், கஷ்டம் 5, கால் கொஞ்சம் கனமா இருக்கு"ன்னு போட்டேன். பத்து நிமிஷத்துல போன் வந்துருச்சு. "தம்பி, இதே ரூட்டு, இதே வேகம், போன வாரம் 3ன்னு போட்டீங்க. நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" ஆபீஸ்ல மாசக் கடைசி, ரெண்டு நாளா ராத்திரி ஒரு மணி ஆயிடுது. "சரி, வியாழக்கிழமை இன்டர்வெல் வேண்டாம், அன்னிக்கு நல்லா தூங்குங்க, சனிக்கிழமை பேசலாம்." அவ்வளவுதான் அவர் சொன்னது (இன்டர்வெல்னா கொஞ்ச நேரம் வேகமா ஓடி, கொஞ்சம் இளைப்பாறி, திரும்ப வேகமா ஓடற பயிற்சி). நான் கேக்கவே இல்ல, எனக்கு வலியும் இல்ல, 3 எப்படி 5 ஆச்சுன்னு அவர் பார்த்தார். ஆபீஸ் டென்ஷன், தூக்கம் கெட்டது, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம அலைஞ்சது எல்லாமே ஒரே கணக்குல இருந்துதான் கழியுது, உடம்புக்கு ரன்னிங் களைப்பு வேற ஆபீஸ் களைப்பு வேறன்னு தனித்தனி பை கிடையாது.

கோச்னா விரட்டறவர்னு நினைக்கிறவங்களுக்கு இதைத்தான் சொல்ல ஆசைப்படறேன். அல்ட்ராவுக்கு பேர் குடுக்கிற ஆளுக்கு விரட்ட ஆள் தேவையில்ல, காலையில நாலரைக்கு அலாரம் வச்சு எந்திரிக்கிறவங்க அவங்க. அவங்களுக்கு இன்னிக்கு வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அதை நமக்கு நாமே சொல்லிக்க முடியாது, ஏன்னா ஓடறதுக்கான ஆசையும் முடிவெடுக்கிற மூளையும் ஒரே தலைக்குள்ள இருக்கு.

சுருக்கமா, ஷெட்யூல்ங்கிறது முன்கூட்டியே எழுதின ஒரு ஊகம், கோச்சிங்ங்கிறது அந்த ஊகத்தை உங்க உடம்பு குடுக்கிற பதிலை வச்சு வாரா வாரம் திருத்தறது.

மெதுவா ஓடுன்னு ஏன் இவ்வளவு சொல்றாங்க?

இதுதான் நிறைய பேருக்கு கோபம் வர்ற இடம். காசு குடுத்து கோச் வச்சா அவர் மெதுவா ஓடச் சொல்றாரேன்னு.

விறகு அடுப்பு பத்த வச்சிருக்கீங்களா? சுள்ளி உடனே பிடிக்கும், சடசடன்னு எரியும், சீக்கிரம் தீர்ந்துரும். கட்டை பிடிக்க நேரமாகும், ஆனா பிடிச்சா மணிக்கணக்குல நிக்கும். உடம்புலயும் ரெண்டு எரிபொருள். சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு தசையிலயும் கல்லீரல்லயும் சேர்த்து வைக்குது, அதுக்கு கிளைகோஜன்னு பேரு, அதான் சுள்ளி, மொத்தமா சுமார் 2000 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். கொழுப்புதான் கட்டை, ஒல்லியான ஆள்கிட்டயே பல பத்தாயிரம் கலோரி இருக்கும். ஓடறதுக்கு தோராயமா ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவு, 65 கிலோ ஆளு 50 கி.மீ. ஓடினா 3250. சுள்ளி மட்டும் வச்சு வீடு போய்ச் சேர முடியாது.

கொழுப்பை எரிக்கிற வேலை தசைக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன அடுப்புகள்ல நடக்குது, அதுக்குப் பேரு மைட்டோகாண்ட்ரியா. மெதுவா, ரொம்ப நேரம், மாசக்கணக்கா ஓடினா இந்த அடுப்புகள் எண்ணிக்கையில கூடும், அதுக்கு ஆக்சிஜன் கொண்டு வர்ற மெல்லிசான ரத்தக் குழாய்களும் கூடும். வேகமா ஓடினாலும் கூடும்தான், ஆனா வேகமா ஓடினா ரிப்பேருக்கு ரெண்டு மூணு நாள் பிடிக்கும், மெதுவா ஓடினா மறுநாளே திரும்ப ஓடலாம், அதனால வாரத்துக்குச் சேர்ற மொத்த நேரம் பல மடங்கு கூடிருது. நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட்னு ஒரு கோச், அவர்கிட்ட பயிற்சி எடுத்த பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்ல 800 மீட்டர்ல தங்கம் வாங்கினார், ரெண்டு நிமிஷம் கூட நீடிக்காத அந்த ரேஸுக்கு லிடியார்ட் அவரை வாரத்துக்கு 100 மைல் வரைக்கும் ஓட வச்சார். 800 மீட்டருக்கே அந்த அஸ்திவாரம் தேவைப்பட்டுச்சுன்னா 50 கி.மீ.க்கு கேக்கவே வேண்டாம்.

மெதுவான்னா எவ்வளவு மெதுவு? பக்கத்துல ஓடறவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், நடுவுல மூச்சுக்கு நிறுத்தினீங்கன்னா வேகம் ஜாஸ்தி. சென்னை மாதிரி ஊர்ல இது இன்னும் முக்கியம். காம்ரேட்ஸ் ஜூன்ல நடக்கும், அங்க அது குளிர்காலம், ஆனா அதுக்கான பெரிய பயிற்சி வாரங்கள் நமக்கு ஏப்ரல், மே, அதாவது சரியா கத்திரி வெயில்ல விழும். பிப்ரவரியில கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் ஓடினப்ப இருந்த இதயத் துடிப்பு மே மாசம் 7:45லயே வந்துரும், தோலைக் குளிர வைக்க ரத்தம் அந்தப் பக்கம் போயிருது. குளிர் நாட்டுல யாரோ எழுதின பிளான்ல 7:00ன்னு போட்டிருக்கும், அதைப் பிடிக்கப் போனா ஈஸி ரன் எல்லாம் கஷ்டமான ரன்னா மாறிரும். நல்ல கோச் வேகத்தைச் சொல்ல மாட்டார், கஷ்டம் 3ல ஓடுங்கன்னுதான் சொல்வார்.

ரேஸ் எப்படியோ பயிற்சியும் அப்படி

அஸ்திவாரம் நாலஞ்சு மாசம், அப்புறம் ரேஸுக்கு ஏத்த வேலை, கடைசி ரெண்டு மூணு வாரம் ஓட்டத்தைக் குறைச்சு உடம்பைத் தேத்தறது. இப்படி பருவம் பருவமா பிரிக்கிறதுக்கு பீரியடைசேஷன்னு பேரு, கடைசியில குறைக்கிற காலத்துக்கு டேப்பர்னு பேரு. இதுல புதுசா வர்றவங்க டேப்பர்லதான் பதறுவாங்க, மறந்துருமோன்னு பயந்து ஒரு 35 கி.மீ. ஓடிருவாங்க. அந்த வாரத்துல ஓடறது எதுவும் ரேஸுக்குள்ள பலமா மாறாது, களைப்பா மட்டும்தான் கூட வரும்.

நடுவுல இருக்கிற அந்த ரேஸுக்கு ஏத்த வேலைன்னா என்ன? காம்ரேட்ஸ்ல இறங்கி ஓடற வருஷம் ஃபீல்ட்ஸ் ஹில்னு ஒரு இடம் வரும், 60 கி.மீ. தாண்டினதுக்கப்புறம் கிட்டத்தட்ட 3 கி.மீ. செங்குத்தா இறக்கம். இறக்கம்னா ரெஸ்ட்னு நாம நினைப்போம். இறங்கும்போது தொடையோட முன்தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்குது, லாரி மலை இறங்கறப்ப பிரேக் சூடாகி நாத்தம் வருமே, அந்த மாதிரி, தசைக்கு ரொம்ப சேதம் பண்றது இந்த வேலைதான். நல்ல விஷயம் என்னன்னா ஒரு தடவை அளவா இந்தச் சேதத்தைப் பார்த்த தசை அடுத்த பல வாரத்துக்கு அதே இறக்கத்துல ரொம்பக் கம்மியாத்தான் அடிபடும். அதனால என் கோச் என்னை பரங்கிமலைப் படிக்கட்டுக்கு அனுப்பினார், ஏறறதை நடந்து ஏறு, இறங்கறதைக் கவனமா ஓடி இறங்குன்னு. முதல் தடவை நாலே சுத்துதான், மறுநாள் ஆபீஸ்ல சேர்ல உக்கார கையை ஊணணும். மூணு வாரம் கழிச்சு எட்டு சுத்து, மறுநாள் ஒண்ணுமே இல்ல. கடற்கரை ஓரத் தட்டை ரோட்டுல எத்தனை நூறு கி.மீ. ஓடியிருந்தாலும் அது கிடைச்சிருக்காது.

இன்னொண்ணு, சனிக்கிழமை 25, ஞாயிறு 20ன்னு ரெண்டு நாள் அடுத்தடுத்து ஓடறது, பேக் டு பேக்னு சொல்வாங்க. ஒரே நாள்ல 45 ஓடினா ரிப்பேருக்கு பத்து நாள் போயிரும், பிரிச்சு ஓடினா களைச்ச காலோட ஓடற பழக்கமும் வரும், சேதமும் கட்டுக்குள்ள இருக்கும்.

வயித்துக்கும் பயிற்சி உண்டு

இதை நான் சுத்தமா எதிர்பார்க்கலை. ஓடும்போது ரத்தம் காலுக்குப் போயிருது, வயித்துக்குக் கம்மி, அதனால பழக்கமில்லாத வயித்துல எதைப் போட்டாலும் குமட்டிக்கிட்டு வரும். ஆனா அல்ட்ராவுல ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும்னா அது ரெண்டு பெரிய வாழைப்பழம், மணிக்கு மணி, ஏழெட்டு மணி நேரம். குடல் இதைக் கத்துக்கும், ஆனா வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கூட்டினாத்தான். எனக்கு கோச் 30 கிராம்ல ஆரம்பிச்சு மூணு மாசத்துல 60க்குக் கொண்டு வந்தார். உப்புத் தூவின வேக வச்ச உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய்னு ஒவ்வொண்ணா பார்த்தோம், கடலை மிட்டாய் 3 மணி நேரத்துக்கு மேல வாயில ஒட்டி விழுங்க முடியாம போச்சு, அதை எடுத்துட்டோம்.

தண்ணிக்கும் கணக்கு உண்டு. ஓடறதுக்கு முன்னாடி எடை 65, ரெண்டு மணி நேரம் ஓடி ஒரு லிட்டர் குடிச்சு வந்து நின்னா 63.5. அப்ப போன வியர்வை ரெண்டரை லிட்டர், மணிக்கு ஒண்ணேகால். இந்த நம்பர் ஆளாளுக்கு மாறும். தண்ணி எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடிங்கன்னு பொதுவா சொல்றது ஆபத்து, அளவுக்கு மேல குடிச்சா ரத்தத்துல இருக்கிற உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கிரும், ஹைப்போநெட்ரீமியான்னு பேரு, உயிருக்கே ஆபத்து. 1980கள்லயே தென்னாப்பிரிக்க அல்ட்ரா ஓட்டக்காரங்ககிட்ட இதைக் கண்டுபிடிச்சு டிம் நோக்ஸ்ங்கிற டாக்டர் எழுதினார், இன்னமும் நம்ம ரேஸ்கள்ல ஆளுங்க பயத்துல தண்ணியா குடிச்சுக்கிட்டே போறதைப் பார்க்கிறேன், மனசு பதறுது.

எல்லாருக்கும் கோச் வேணுமா?

வேணும்னு இல்ல. முதல் 10 கி.மீ.க்கோ, அரை மாரத்தானுக்கோ ஒரு நல்ல குரூப்பும் பொறுமையும் போதும். முதல் 50 கி.மீ.யைக் கூட, வருஷக்கணக்கா அடிபடாம ஓடிக்கிட்டிருக்கிறவங்க, தினமும் அந்த நிமிஷம், கஷ்டம் ரெண்டையும் நேர்மையா ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு, தானே பார்த்துக்கலாம். ஆனா அடிக்கடி அடிபடறவங்க, ராத்திரி ஷிஃப்ட், சின்னக் குழந்தைன்னு தூக்கம் நிலையில்லாதவங்க, ஒரே டைமிங்ல ரெண்டு மூணு வருஷமா நிக்கிறவங்க, இவங்களுக்கு ஒரு வெளிக்கண்ணு ரொம்ப உதவும்.

அதே சமயம் கோச்னு பேர் போட்டுக்கிட்டு ஐம்பது பேருக்கும் ஒரே ஷெட்யூலை குரூப்ல தட்டி விடறவங்களும் இருக்காங்க. அதுக்கு மாசா மாசம் பணம் கட்டறதும் ஃப்ரிட்ஜ்ல பேப்பர் ஒட்டறதும் ஒண்ணுதான். அதனால சேர்றதுக்கு முன்னாடி போன்ல பேசுங்க. உங்க பழைய அடி, வேலை நேரம், தூக்கம் இதையெல்லாம் அவரா கேக்கறாரா பாருங்க. அப்புறம் நீங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நான் எந்த நாள் ஓட வேண்டாம்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?" அதுக்கு அவர்கிட்ட தெளிவா பதில் இருந்தா தாராளமா சேருங்க.